அணைத்தேன் என்றால் அணைத்தேன்

இதை என்னிடம் முதன்முதலில் சொன்னவர் மாதம்மாள். சந்தைக்கு எதிரே வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர். அவர் சொன்னதை நான் அன்றே காதில் போட்டுக்கொண்டிருந்தால், தம்பி, மேட்டுப்பாளையத்திலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்க வேண்டியதில்லை. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. காரை அப்புறம் பார்க்கலாம். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தொங்கும் அந்தக் கறுப்பு டப்பி என்ன என்றுதானே கேட்டீர்கள்? அதை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. சொல்லவும் கூடாது.

மாதம்மாள் சொன்னது இதுதான். "ஏனுங்க டீச்சர், கூட வர்ற அக்கா வராத அன்னிக்கெல்லாம் உங்க காரு பட்டப்பகல்லயும் கண்ண முழிச்சிக்கிட்டே நிக்குதுங்களே!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீட்டில் வண்டி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். ஏழு என்றால் ஏழு போல இருக்க வேண்டும்" என்றேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் எழுதும் ஏழு இன்றைக்கும் ஒன்று போலத்தான் இருக்கிறது.

என் பெயர் மங்கையர்க்கரசி. முப்பத்து நான்கு ஆண்டு கணக்கு ஆசிரியை. கடைசிப் பதினோரு ஆண்டு இங்கே கோத்தகிரியில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவள். வடிவியலைத் தமிழில் கற்பித்தவள். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன். சென்னையிலிருக்கும் என் மகள் கயல்விழி, "அம்மா பேசுனா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். வாசித்துவிட்டுப் போகிறேன். செய்தியாவது முழுதாக இருக்கும்.

இந்த ஊர்ப் பனியை நீங்கள் அறியமாட்டீர்கள். காலை எட்டு மணிக்கு எதிரே வரும் ஆள் தெரியாது. வகுப்பறையில் விளக்குப் போட்டுத்தான் பாடம். பத்து மணிக்குப் பனி விலகும், வெயில் விழும், பிறகு விளக்கு எரிவதே கண்ணுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எரியும். மின்கட்டணத்தை யார் கட்டுவது? நான் பொறுப்பேற்ற முதல் மாதமே ஒரு குறிப்பேடு போட்டேன். விளக்கை அணைக்காமல் அறையை விட்டுச் செல்லும் ஆசிரியையின் பெயர் அதில் ஏறும். பெயருக்கு ஒரு ரூபாய் தண்டம். சேரும் பணத்தில், குடையில்லாத பிள்ளைகளுக்குக் குடை. மாதக் கடைசியில் ஆசிரியர் கூட்டத்தில் பெயர்களை நானே எழுந்து நின்று வாசிப்பேன். சிலர் அழுததும் உண்டு. அறிவியல் ஆசிரியை ஒருவர் மாற்றல் வாங்கிக்கொண்டே போய்விட்டார். தலைமையாசிரியைக்கும் விலக்கு இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

மாலையில் அறை அறையாகப் போய்ப் பார்த்து எழுதும் பொறுப்பு தையலாசிரியை அற்புதமேரிக்கு. கடைசிப் பாடவேளையில் அவருக்கு வகுப்பு கிடையாது. பதினோரு ஆண்டு அவர்தான் எழுதினார். அந்தக் குறிப்பேட்டில் என் பெயர் ஒருமுறை கூட வந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கூட.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அற்புதமேரி இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். திங்களும் வியாழனும் சந்தை, முதல் தேதி வங்கி, எல்லாவற்றுக்கும் என் காரில்தான். கார் காலஞ்சென்ற என் கணவருடையது. பழையது. இப்போது வருவன போல எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் வண்டி அன்று. முன்பலகையின் நடுவில் முகப்பு விளக்குக்கு ஒரு குமிழ் இருக்கிறது, பார்த்தீர்கள் அல்லவா? இழுத்தால் எரியும், தள்ளினால் அணையும். இங்கிருந்து புறப்படும்போது பனி. விளக்கைப் போடாமல் வளைவில் திரும்ப முடியாது. சந்தைக்குப் போய்ச் சேரும்போது நல்ல வெயில். அங்கே குமிழைத் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிடுவேன்.

வண்டி நின்றதும் நான் செய்யும் முதல் வேலை, சாவியைத் திருப்புவதற்கு முன், ஓடிய தூரத்தைச் சிறு ஏட்டில் குறிப்பது. மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குறிப்பேன். அந்த நேரத்தில் அற்புதமேரி என்ன செய்வார் தெரியுமா? பையிலிருந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்து என் காரின் முன்பலகையைத் துடைப்பார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒவ்வொரு முறையும்! யார் யாருக்கோ தைத்த இரவிக்கையின் மிச்சத் துணி. எனக்கு அருவருப்பாக இருக்கும். "தூசி இல்லையே, அற்புதமேரி" என்பேன். "இருக்குங்க பெரிய டீச்சர், உங்க கண்ணுக்குத் தெரியல" என்பார். என் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

போன மே மாதம் ஒருநாள் வங்கியிலிருந்து வெளியே வந்தால் கார் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. ஜூனில் மறுபடியும், மருந்துக் கடை வாசலில். இரண்டு முறையும் அற்புதமேரி உடன் வரவில்லை. அவருக்கு முழங்கால் வலி. கயல்விழிக்கு யார் சொன்னார்களோ, அன்றைக்கே தொலைபேசி.

"அம்மா, ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை. உனக்கு மறதி வந்துடுச்சு. ஒத்துக்கோயேன்."

"பேட்டரி பழையது."

"புதுசு போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. பில் என்கிட்டதான் இருக்கு. நாளைக்கு பிரேக் போட மறந்தா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டிய வித்துடுவேன். நீ இங்க வந்து என்கூட இரு. வண்டி என் பேர்லதான் இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறாள், தம்பி! பதினேழாம் வாய்ப்பாட்டை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆனால் அவள் சொன்னால் செய்வாள். என் வளர்ப்பு. பேருந்து நிற்கும் இடம் இங்கிருந்து நாலு கிலோமீட்டர் மேலே. வண்டி போனால் வீடு போகும். சென்னையில் அவள் வீட்டுப் பின்னறையில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு கட்டில். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறை.

ஆகவே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. கணக்கு ஆசிரியை அல்லவா. நான் குமிழைத் தள்ளுகிறேன், ஆனாலும் விளக்கு எரிகிறது. அப்படியென்றால் வேறு ஏதோ அதை இழுக்கிறது. எது? அற்புதமேரியின் பை. நூல்கண்டும் கத்திரிக்கோலும் திணித்த இவ்வளவு பெரிய பை, அதன் காது குமிழில் மாட்டுகிறது. மாட்டி மாட்டி அதைத் தளர்த்திவிட்டது. தளர்ந்த குமிழ் அவர் வராத நாளிலும் தானாக வெளியே வருகிறது. வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

இதை நிறுவுவதற்காகத்தான் போஜனிடம் போனேன். பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு மின்வேலை செய்பவர். நல்ல வேலைக்காரர், பேச்சுத்தான் சகிக்காது.

"ஒரு பஸ்ஸர் போட்டுக்கலாம் டீச்சர். லைட் ஒயர்லருந்து ஒண்ணு, சாவி ஒயர்லருந்து ஒண்ணு. லைட் எரியறப்ப சாவிய ஆஃப் பண்ணீங்கன்னா கத்தும். சாவி போட்டிருந்தா கத்தாது. லைட் அணைஞ்சிருந்தாலும் கத்தாது."

"இரண்டும் பொருந்தினால்தான் ஒலிக்கும்."

"அதேதான்."

"அதற்கு எச்சரிக்கை ஒலிப்பான் என்று பெயர்."

"சரிங்க டீச்சர். அதுவும் கத்தும்."

அரைமணி நேரத்தில் அந்தக் கறுப்பு டப்பியைப் பொருத்தினார். சோதித்துக் காட்டினார். என்ன கேவலமான ஓசை! தொண்டையில் முள் சிக்கிய கோட்டானைப் போல. மனிதக் காதுக்கென்று செய்த பொருளை இவ்வளவு அருவருப்பாகச் செய்ய ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? ஆனால் காசைக் கையோடு கொடுத்துவிட்டேன். இரசீதும் வாங்கினேன்.

ஒரு வாரம் அற்புதமேரியோடு போனேன். சந்தை, தபால் நிலையம், பல் மருத்துவர். ஒலிப்பான் ஒருமுறை கூட ஒலிக்கவில்லை. நான் தூரத்தைக் குறிப்பேன், அவர் துணியால் துடைப்பார், நான் சாவியைத் திருப்புவேன், அமைதி. ஏழாம் நாள் சந்தை வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"அற்புதமேரி, ஒரு வாரமாக இது ஒலிக்கவில்லை. ஏன் என்று தெரியுமா?"

"சொல்லுங்க பெரிய டீச்சர்."

"கருவி வந்தது தெரிந்ததும் உங்கள் பை எச்சரிக்கையாகிவிட்டது."

அவர் துணியை நாலாக மடித்தார். "அப்ப என் பைதான் லைட்ட போடுதுங்கறீங்க."

"யாரையும் குற்றம் சாட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்."

"நான் இறங்கிக்கிறேன் டீச்சர். பையும் என்கூடவே இறங்கிக்கிடும்."

இறங்கி, அந்த முழங்காலோடு நடந்து போனார். 'பெரிய டீச்சர்' வெறும் 'டீச்சர்' ஆனதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அடுத்த திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஒலி எழுப்பினேன். வரவில்லை. கதவுகூடத் திறக்கவில்லை.

சரி என்று தனியாகப் போனேன். சந்தையில் சாவியைத் திருப்பினேன். கத்தியது, தம்பி! சந்தையே திரும்பிப் பார்த்தது. மாதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். வியாழக்கிழமை மறுபடியும் கத்தியது. வங்கியிலும் கத்தியது. நேரே போஜனிடம் போய், "உங்கள் கருவி பழுது. விளக்கு அணைந்திருக்கும்போதே ஒலிக்கிறது" என்றேன். அந்த மனிதர் காருக்கு முன்னால் போய் நின்றார், குனிந்தார்.

"லைட்டு எரியுதுங்களே டீச்சர்."

"நான் அணைத்தேன்."

"எரியுதுங்களே."

"அணைத்தேன் என்றால் அணைத்தேன்! கம்பியைக் கழற்றுங்கள்."

"வேணாங்க டீச்சர். அது பாட்டுக்கு இருக்கட்டும். கத்துனா கத்திட்டுப் போகுது."

"கழற்றுங்கள்."

கழற்றினார். காசு வேண்டாம் என்றார். முகத்தில் ஓர் இரக்கம். அந்த இரக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கத்தலையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்தே இருப்பீர்கள். கைபேசி வைத்திருக்கும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஆகஸ்டு பதினைந்து. என் பழைய பள்ளியில் கொடியேற்ற என்னைத்தான் அழைத்திருந்தார்கள். ஏழு மணிக்குப் புறப்பட்டேன், சரியான பனி. கொடியேற்றினேன். பிள்ளைகளின் கூட்டு உடற்பயிற்சி, நடனம். பிறகு என் உரை. தலைப்பு 'சின்னஞ்சிறு கடமைகள்'. நான் பேசிக்கொண்டிருக்கும்போது உடற்கல்வி ஆசிரியை ஒரு சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். 'அம்மா, தங்கள் காரில் விளக்கு எரிகிறது' என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை. படித்தேன், மடித்தேன், தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தேன். பிழையான தகவலுக்காக உரையை நிறுத்துவது முறையன்று. மேலும் ஐம்பது நிமிடம் பேசினேன். அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பதில்தான் நாட்டுப்பற்று தொடங்குகிறது என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

கார் கிளம்பவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் வந்து தள்ளினார்கள். பட்டுச்சேலையோடு நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். மார்பில் கொடி. "தள்ளு தள்ளு, டீச்சரத் தள்ளு!" என்று ஒரே பாட்டு. யாரோ ஒரு பெற்றோர் அதைப் படம் பிடித்திருக்கிறார். பிறருடைய இழிவைப் பாதுகாத்து வைப்பதற்கென்றே ஒரு கருவியைச் சட்டைப் பையில் சுமக்கிறார்கள். அன்று மாலைக்குள் அது கயல்விழிக்குப் போய்விட்டது. மறுநாள் கார் விற்பனைக்கு என்று விளம்பரம். அதைப் பார்த்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நான் விட்டுவிடுவேனா? என் மறதிக்குச் சான்று கேட்டால், என் நினைவாற்றலுக்குச் சான்று இருக்கிறது. குறிப்பேடு! பதினோரு ஆண்டு, ஒருமுறை கூடப் பெயர் வரவில்லை. அதைப் படியெடுத்துக் கயல்விழிக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். அது அற்புதமேரியிடம் இருந்தது. ஓய்வு பெறும்போது நான்தான் நினைவுப் பொருளாக அவருக்குக் கொடுத்தேன். ஒரு மாதமாகப் பேச்சில்லை. இருந்தாலும் போனேன். பள்ளிச் சொத்தைக் கேட்பதற்கு எதற்குத் தயக்கம்?

தையல் இயந்திரத்தில் இருந்தார். எழவில்லை. "அது எதுக்கு இப்ப?" என்றார்.

"என் பெயர் இல்லை என்று காட்ட வேண்டும்."

"அதான் இல்லைன்னு தெரியும்ல. நான் சொல்றேன் கயல்கிட்ட. புத்தகம் எதுக்கு?"

"வாய்ச்சொல் சான்று ஆகாது. எடுங்கள்."

எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அதை ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். என் பெயர் இல்லை. நிம்மதி. அதோடு மூடியிருக்கலாம். ஆனால் எண்கள் வரிசையாக நின்றால் என்னால் கூட்டாமல் இருக்க முடியாது. முன்பக்கங்களில் பெயர்கள், பின்பக்கங்களில் ஆண்டுவாரியாகக் குடை நிதி வரவு, ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையொப்பம். அந்நாளில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பம் இடுவேன். இப்போது கூட்டினேன். பெயர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. வரவு முந்நூற்று ஐம்பத்தொன்பது.

மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். அதே விடை.

இப்படி ஒரு கணக்கா! என் கையொப்பத்துக்கு மேலேயா! அப்போதே எழுந்து அற்புதமேரியின் வீட்டுக்குப் போனேன். "என்ன கணக்கு இது? பெயரே இல்லாமல் நாற்பத்தேழு ரூபாய் வரவு வந்திருக்கிறது. யார் கொடுத்தது? எங்கிருந்து வந்தது? பதினோரு ஆண்டு என்னைத் தவறான கணக்கில் கையொப்பம் இட வைத்திருக்கிறீர்கள்!"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கணக்கு சரிதான் பெரிய டீச்சர். பேருதான் எழுதல."

"யாருடைய பெயர்?"

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"அற்புதமேரி, யாருடைய பெயர்?"

"கூட்டத்துல நீங்கதான எந்திரிச்சு நின்னு படிப்பீங்க. உங்க பேர நீங்களே எப்படிப் படிப்பீங்க? அதான் நான் ரூபாயப் போட்டுட்டு விட்டுட்டேன். புள்ளைங்களுக்குக் குடை குறையக் கூடாதுல்ல."

நான் நின்றுகொண்டிருந்தேன். இயந்திரத்தின் மேல் அந்த வெட்டுத்துணி கிடந்தது. அப்போதுதான் என் காரின் முன்பலகை நினைவுக்கு வந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நடுவில்தானே குமிழ்.

"துடைத்தீர்களே," என்றேன்.

"தூசி இருந்துச்சு," என்றார்.

எனக்கு அழுகை வந்தது என்று நினைக்காதீர்கள். அருவருப்பு வந்தது. ஒருவர் பதினோரு ஆண்டு என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார். அது தெரியாமல் மற்றவர்களின் பெயரை நான் உரக்க வாசித்திருக்கிறேன். அறிவியல் ஆசிரியைக்கு அறுபத்தொன்று. அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழும்போது, என் அறையிலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அறுபத்தொன்றோடு ஒப்பிட்டால் நாற்பத்தேழு குறைவுதான். ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது. குமிழும் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்களே ஆட்டிப் பாருங்கள்.

மறுநாள் போஜனிடம் போய்க் கம்பியை மாட்டச் சொன்னேன். இந்த முறை காசு வாங்கிக்கொண்டார். அற்புதமேரியிடம் இரண்டு நிபந்தனை விதித்தேன். முன்பலகையைத் தொடக் கூடாது. குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சாவியைத் திருப்புவேன். கத்தும். சந்தை முழுக்கக் கேட்கும். நான் குமிழைத் தள்ளுவேன், அவர் பெயர் எழுதுவார். இந்த மாதம் ஒன்பது. மாதம்மாள்கூட இப்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"எழுதவா பெரிய டீச்சர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார், அதுதான் எரிச்சல். எழுதத்தானே கொடுத்திருக்கிறேன்!

காரைப் பற்றியா? காரைக் கொடுப்பதாக இல்லை, தம்பி. முன்னமே சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் முழுக்கக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தேன். நேற்று அற்புதமேரியே கயல்விழியிடம் பேசினார். "வித்துட்டா என் முழங்காலுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டாராம். விளம்பரத்தை எடுத்துவிட்டாள். நீங்கள் வருவதாகச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டாளாம். மறந்துவிட்டாள்! குறிப்பேட்டில் அவள் பெயரையும் ஏற்றச் சொல்லிவிட்டேன். உங்களைப் பேருந்து நிலையம் வரை நானே கொண்டுபோய் விடுகிறேன். வெயில் வந்துவிட்டது. இருந்தாலும் மேல் வளைவில் பனி இருக்கும், விளக்குப் போட்டுத்தான் போகவேண்டும். கத்தினால் பயந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் எழுந்தால் செய்தி முழுதாகாது. இன்று காலை, நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் அற்புதமேரியின் வீட்டுக்குப் போனேன். கொண்டுபோனதை இயந்திரத்தின் மேல் வைத்தேன். அவர் பார்க்காமலே வாரி முந்தானையில் முடியப் போனார். "எண்ணுங்கள்" என்றேன். "உங்க கணக்கு தப்பாதே, பெரிய டீச்சர்" என்றார். "தப்பியிருக்கிறது. எண்ணுங்கள்" என்றேன். ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணினார். எல்லாம் ஒற்றை ரூபாய் நாணயங்கள். நாற்பத்தேழு ரூபாய்.